வுனிந்திலோவின் மேல் கதவு

முதல் தடவை போய்க் குறை கண்டுபிடிக்கிற அதிகாரிகளுக்கு ஒரு மிடுக்கு உண்டு. உள்ளே நுழைந்ததும் கூரையைப் பார்ப்பார்கள், ஒயரைப் பார்ப்பார்கள், ஒரு "ச்சு" கொட்டுவார்கள். அதிலேயே கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட ஆரம்பித்துவிடுவார். அலுமிதா அந்த ரகம் இல்லை. அவள் இரண்டாவதாகப் போகிறவள். முன்னே போனவர்கள் எழுதிவிட்டு வந்த குறைகளைச் சரிசெய்துவிட்டார்களா என்று போய்ப் பார்த்து, செய்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் எதிரே "சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள். சவுசவு என்ற அந்தத் தீவுப் பட்டணத்து வட்டாரத்தில் பள்ளிக்கூடமோ, கொப்பரைக் கிடங்கோ, சர்ச் மண்டபமோ, எதுவானாலும் தீ விஷயத்தில் கடைசிக் கையெழுத்து அவளுடையதுதான்.

"எனக்கு இந்த வேலைதான்ணே பிடிச்சிருக்கு" என்று அலுவலக வண்டி ஓட்டும் சுபர்மணியிடம் சொல்வாள். "மொதல்ல போறவங்களப் பாத்தா எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறாங்க. நான் போனா டீ குடுக்கறாங்க."

"டீ மட்டுமா? அந்த பேக்கரிக்காரன் ஒரு தட்டு நெறையா பன்னு நீட்டினான். நீ வேணாம்னுட்ட. எனக்குல்ல வயிறு எரிஞ்சுது."

"பன்னு தின்னுட்டு எழுதினா, பன்னுக்காக எழுதினேன்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லட்டுமே. பன்னு நல்லா இருந்ததுன்னு நான் சாட்சி சொல்றேன்."

டீ குடிக்கிறவள்தானே, ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஒரு தடவை கடைத்தெருவில் நாலு கடைக்கு ஒரே நாளில் மறுபார்வை. நாலு கடைக்கும் ஒரே குறை: தீயணைக்கும் உருளை இல்லை. முதல் கடையில் புத்தம்புதுச் சிவப்பு உருளை ஒன்று சுவரில் தொங்கியது. அடியில் சின்னதாக ஒரு நெளிவு. இரண்டாவது கடைக்குப் போனாள், அங்கேயும் அடியில் நெளிவு. மூன்றாவது கடைக்குள் அவள் நுழையும்போது பின்வாசல் வழியாக யாரோ மூச்சு வாங்க ஓடி வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். நாலாவது கடையில் அலுமிதா அந்த உருளையைத் தட்டிக்கொடுத்து, "என்னப்பா, காலையிலேருந்து அலைஞ்சு களைச்சுப் போயிட்டியே" என்றாள். கடைக்காரர் பிரேம்லாலுக்கு முகம் தொங்கிவிட்டது. மறு வாரம் நாலு கடையிலும் நாலு உருளை இருந்தது. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். கத்தவில்லை, திட்டவில்லை. ஆனால் கடைத்தெருவில் அவளைப் பற்றிய நினைப்பு அன்றைக்கு மாறிவிட்டது.

அவள் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து எழுத மாட்டாள். கதவு என்றால் தள்ளிப் பார்க்க வேண்டும், பூட்டு என்றால் திறந்து பார்க்க வேண்டும். இதற்குக் காரணம் அவள் இடது முழங்கையில் நீளமாக ஓடும் தழும்பு. இளவயதில் தலைநகர் சுவாவில் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தாள். துணி திருட்டுப் போகிறது என்று முதலாளி பின்கதவைப் பூட்டி வைத்திருந்தார். பூட்டை எடுக்கச் சொல்லி ஒருவர் வந்து எழுதிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர், "எடுத்தாச்சு சார்" என்று முதலாளி சொன்னதைக் கேட்டு "சரிசெய்யப்பட்டது" என்று எழுதிவிட்டுப் போனார். துணிக்கழிவில் தீப்பிடித்த அன்றைக்குப் பூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. நல்லவேளை, உயிர் போகவில்லை. ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பார்க்காமல் எழுதிய அந்த ஒரு வார்த்தைதான் தன் கையைக் கிழித்தது, கண்ணாடி இல்லை என்பது அலுமிதாவின் கட்சி.

இப்படிப்பட்டவளை வீட்டில் ஒருத்தி மட்டும் எப்போதும் கரித்துக்கொட்டிக்கொண்டே இருந்தாள். அலுமிதாவின் அம்மா.

அம்மா பிறந்த ஊர் வுனிந்திலோ. புன்னைமரத்தடி என்று அர்த்தம். அந்த ஊர்த் தலைவர், ராத்து என்ற பட்டம் உள்ள இனோக்கே, அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன், அலுமிதாவுக்குத் தாய்மாமன். அந்தத் தீவுகளில் தாய்மாமன் ஊரில் தங்கை பிள்ளைக்கு இருக்கிற உரிமை கொஞ்சநஞ்சம் இல்லை. வசு என்பார்கள். வசு வந்து "இது எனக்கு" என்று கை வைத்துவிட்டால் மாமன் மறுப்பு சொல்ல முடியாது. பன்றியானாலும் பாயானாலும் படகானாலும் கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் சிரித்த முகத்தோடு. அலுமிதாவின் தம்பிகள் போய்ப் போய் அந்த ஊர்ப் பன்றிப்பட்டியையே காலி செய்துவிட்டார்கள். அலுமிதா மட்டும் உத்தியோகச் சட்டையைப் போட்ட நாளிலிருந்து ஒரு தேங்காய் கூட எடுத்ததில்லை.

"வசுவாப் பொறந்துட்டு வெறுங்கையோட வர்றியேடி" என்பாள் அம்மா. "எங்க அண்ணன்கிட்ட ஒண்ணுமே இல்லேன்னு ஊர் சிரிக்காதா?"

"அம்மா, நான் அங்க ஆபீசரா போறேன். எடுத்தா லஞ்சம்பாங்க."

"மாமன் குடுத்தா லஞ்சமா? உன் ஆபீசுக்கு மாமன் கிடையாதா?"

அலுமிதா அந்தக் கரைப்பக்கம் போய்விட்டு வரும் போதெல்லாம் அம்மா வாசலிலேயே நின்று கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மாமன் ஊர்ல என்ன எடுத்த?" ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கு அவளோடு பேச்சில்லை.

சொந்தக்காரர் ஊரைச் சோதிக்கப் போகக் கூடாது என்று அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. அதைக் கடைப்பிடித்தால் அந்தக் கரையோரத்தில் எந்தக் கட்டடத்துக்கும் போக ஆளே கிடைக்காது. அதனால், வுனிந்திலோவுக்கு மறுபார்வைத் தேதி வந்தபோது, தலைவர் தன் மாமன் என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாள். "யாருக்குத்தான் மாமா இல்ல, நீயே போ" என்று அவர் அனுப்பிவிட்டார்.

வுனிந்திலோவில் சோதனை நடந்தது ஊர்க் கூடத்துக்கு. புயல் வந்து பள்ளிக்கூட விடுதியின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு, தூரத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்து படிக்கும் நாற்பது பெண்பிள்ளைகள் அந்தக் கூடத்தில்தான் பாய் விரித்துத் தூங்கினார்கள். முதல் சோதனைக்குப் போன அதிகாரி நாலு குறை எழுதிவிட்டு வந்திருந்தார். சமையல் கொட்டகையில் காஸ் உருளை அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. மின்ஒயர் பல்லிளித்துக்கொண்டு தொங்கியது. எச்சரிக்கை மணி இல்லை. நாலாவது, இரண்டாவது வாசல் அடைபட்டிருந்தது. பள்ளி திறப்பதற்குள் நாலும் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் அங்கே தங்க முடியாது. வேறு இடம் கிடையாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் அந்தப் பருவம் முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதான். கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் பொதுத் தேர்வு வேறு.

அலுமிதா போன அன்று பிள்ளைகள் எல்லோரும் பெட்டியும் பாயுமாக வந்து இறங்கியிருந்தார்கள். கரையில் படகு காத்துக்கொண்டிருந்தது. அனுமதி கிடைத்தால் வெறும் படகாகத் திரும்பும், இல்லையென்றால் அதே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும். தண்ணீர் வற்றுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று படகுக்காரன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

ஊர் எல்லையில் இறங்கியதும் அலுமிதா பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்த ஊருக்குள் தலையில் எதையும் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, தலையைக் காக்கிற தொப்பிக்கும் அதே கதிதான். கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரைக் கட்டாகத் தலைவர் முன் வைத்து, வந்த காரியத்தைச் சொல்லி, அவர் ஆட்கள் கை தட்டி ஏற்றுக்கொண்ட பிறகுதான் பேனா மூடியைத் திறக்கலாம்.

ராத்து இனோக்கே கனத்த உடம்புக்காரர். கூடத்தின் மேல் கோடியில், கதவை ஒட்டிய பாயில் உட்கார்ந்திருந்தார். "வா மருமகளே" என்றார். "இந்த தடவையாவது ஏதாச்சும் எடுத்துட்டுப் போவியா, இல்ல வழக்கம் போல என் மானத்த வாங்கிட்டுப் போவியா?"

"மொதல்ல வேலைய முடிக்கறேன் மாமா."

"வேலைய முடிச்சுட்டு ஓடிடுவ. எனக்குத் தெரியாதா உன்ன?"

விடுதிக் காப்பாளர் தோரிகா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நாலு குறையையும் நீக்க அந்த விடுமுறை முழுக்க ஓடியாடியவள் அவள்தான். காஸ் உருளை வெளியே, வெயில் படாத இடத்தில், கம்பிக் கூண்டுக்குள் இருந்தது. அலுமிதா கூண்டை ஆட்டிப் பார்த்தாள், குழாயை விரலால் தடவிப் பார்த்தாள், எழுதினாள்: சரிசெய்யப்பட்டது. ஒயர் எல்லாம் குழாய்க்குள் போயிருந்தது. சரிசெய்யப்பட்டது. மணிக்குப் பழைய காஸ் உருளை ஒன்றை வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"லீவுக்கு முந்தி மரமேளம்தான் மொதல்ல வச்சேன்" என்றாள் தோரிகா. "அடிச்சதும் எல்லாப் புள்ளையும் பாட்டுப் புத்தகத்த எடுத்துகிட்டு ஜெபத்துக்கு வரிசையா உக்காந்துடுச்சுங்க. அதான் இத மாட்டினேன்."

அலுமிதா சிரித்துக்கொண்டே எழுதினாள். சரிசெய்யப்பட்டது. மனசு லேசாகிக்கொண்டே வந்தது.

நாலாவதுதான் மேல் கதவு. முன்பு அதில் பூட்டு தொங்கியது, உள்ளே பாய்க்கட்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. இப்போது பூட்டு இல்லை, பாய் இல்லை. அலுமிதா தோளால் தள்ளினாள். எண்ணெய் போட்ட கீல், சத்தமே இல்லாமல் திறந்தது. வெளியே புன்னை மர நிழல், அதைத் தாண்டிக் கடல்.

"பூட்ட நானே ஒடச்சேன்" என்றார் ராத்து பெருமையாக.

"போட்டுரு தங்கச்சி" என்றான் சுபர்மணி. "கதவு தெறக்குது. டிக்கு போட்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு சேப்பங்கீரையும் மீனும் இருக்காம்."

பேனாவை வைக்கப்போனவள் நிறுத்தினாள். "அக்கா, ஒரு தடவை மணி அடிங்க. புள்ளைங்க எல்லாரும் வெளிய ஓடி வரட்டும்."

தோரிகா மணியை அடித்தாள். நாற்பது பிள்ளைகளும் எழுந்து ஓடினார்கள், நாற்பதும் கீழ்க் கதவுக்கு. மேல் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. அதற்கு நாலடி தூரத்தில் பாய் போட்டிருந்த பிள்ளைகள் கூட முதுகைத் திருப்பிக்கொண்டு கூடத்தின் முழு நீளத்தையும் ஓடிப் போய்க் கீழ்க் கதவில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கதவுக்கு அடுத்தாற்போல்தான் சமையல் கொட்டகை. நெருப்பு என்று ஒன்று வந்தால் அங்கிருந்துதான் வரும்.

இதில் கேலிக்கூத்து என்னவென்றால், மேல் கதவுக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றிருந்த அலுமிதாவும் பிள்ளைகளின் பின்னாலேயே போய்க் கீழ்க் கதவு வழியாகத்தான் வெளியே வந்தாள். புல்லில் கால் பட்ட பிறகுதான் தான் செய்ததே அவளுக்கு உறைத்தது.

ஏனென்றால் அது தலைவரின் கதவு. கூடத்துக்கு மேல் கோடி, கீழ்க் கோடி உண்டு. மேல் கோடிக் கதவில் தலைவரும் அவர் வீட்டுப் பெரிய ஆண்களும் மட்டுமே நுழைவார்கள். மற்ற எல்லோருக்கும் கீழ்க் கதவு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கால் பழகிவிடும். பூட்டு இருந்தபோதும் அந்த வழியாக யாரும் போகவில்லை, பூட்டை உடைத்த பிறகும் போகவில்லை.

அலுமிதா இதை ராத்துவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "இவ்வளவுதானே" என்றார். பிள்ளைகளை உட்கார வைத்து, "தீப்பிடிச்சா எல்லாரும் என் கதவு வழியாப் போகலாம். நானே சொல்றேன், அனுமதி குடுத்தாச்சு" என்று கணீரென்று சொன்னார். பிள்ளைகள் பணிவாகக் கை தட்டினார்கள். தோரிகாவுக்கு உயிர் வந்தது. மறுபடி மணி அடித்தாள்.

இந்தத் தடவை சொன்னபடி கேட்டார்கள். பாதிப் பேர் மேல் கதவுக்கு வந்தார்கள். ஆனால் கதவருகில் தலைவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் முன்னால் நிமிர்ந்து நடக்கலாமா? முதல் பிள்ளை மண்டி போட்டாள். "தீலோ, தீலோ" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முழங்காலால் நகர்ந்து வாசலைத் தாண்டினாள். அடுத்தவளும் மண்டி போட்டாள். "தீலோ, தீலோ." அவளுக்குப் பின்னால் இருந்தவள் தன் முறைக்காகக் கை கட்டிக் காத்திருந்தாள். இருபது பிள்ளைகள் ஒருத்தர் பின் ஒருத்தராக, நெருப்புக்கு வழிவிட்டு நிற்கிற மாதிரி, அவ்வளவு மரியாதையாக ஊர்ந்தார்கள்.

"நான் எழுந்து வெளிய போயிடறேன்" என்றார் ராத்து. போனார். அவர் இல்லாத வெறும் பாய்க்கும் பிள்ளைகள் மண்டி போட்டார்கள்.

சுபர்மணி முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

தோரிகா அலுமிதாவின் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தி, "அலுமிதா, கதவு தெறக்குதுல்ல? உன் தாள்ல அவ்வளவுதானே கேட்டிருக்கு?" என்றாள்.

"ஆமாக்கா. கதவு அடைபட்டிருக்குன்னு எழுதியிருக்கு. இப்ப அடைபடல."

"அப்பறம் என்ன? எழுதிடேன். புள்ளைங்க முகத்தப் பாரு."

அலுமிதா பார்த்தாள். பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் சுவரோரம் இருந்தன. கரையிலிருந்து படகுக்காரன் ஒரு தடவை குரல் கொடுத்தான். எழுதிவிடலாம், ஒரு வார்த்தைதான், அதுவும் பொய்யில்லை. தையல் கூடத்தில் எழுதியவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று தோன்றியதும் அவளுக்கு முழங்கைத் தழும்பு அரித்தது.

"முடியாதுக்கா" என்றாள்.

தோரிகாவின் வாய் கோணிக்கொண்டு வந்தது. முந்தைய நாள் வரை சிமெண்ட் குழைத்த கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பக்கச் சுவர இடிச்சு இன்னொரு கதவு வைக்கணும்னா நான் எங்க போவேன்? எவ்வளவு நாளாகும்? அதுவரைக்கும் இதுங்க எங்க போகும்?" சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அவள் அழுவதைப் பார்த்துத் தாங்களும் அழ ஆரம்பித்தார்கள்.

ராத்து வெளியே புன்னை மரத்தடியில் நின்றுகொண்டு தன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், ஊரே அவர் சொல்லுக்குக் கட்டுப்படும், ஆனால் பிள்ளைகளின் முழங்காலுக்கு அவரால் கட்டளை போட முடியவில்லை. "என்ன செய்யட்டும் மருமகளே?" என்றார். "கதவ அடைச்சா தப்புங்கற. தெறந்தாலும் போக மாட்டேங்குதுங்க. இது என் கதவா இருக்கற வரைக்கும் இப்படித்தான்."

அந்தக் கடைசி வார்த்தை அலுமிதாவைச் சுண்டி இழுத்தது. வாசலில் நின்று அம்மா கேட்கிற கேள்வியும் கூடவே நினைவுக்கு வந்தது.

அவள் தாள் அட்டையைச் சுபர்மணியிடம் கொடுத்தாள். தொப்பியை ஜன்னல் திட்டில் வைத்தாள். கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைக் கழற்றி அதற்குள் போட்டாள். வெளியே போய், கூடத்தைச் சுற்றிக்கொண்டு மேல் பக்கம் வந்தாள். நிமிர்ந்த தலையோடு, அந்த ஊரில் எந்தப் பெண்ணும் தன் விருப்பத்துக்கு நுழையாத அந்தக் கதவு வழியாக உள்ளே வந்து நின்றாள். நாற்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"மாமா, உள்ள வாங்க" என்றாள். அவர் வந்தார். "இப்ப நான் ஆபீசர் இல்ல. உங்க தங்கச்சி மக. வசுவா வந்திருக்கேன். ஒண்ணு எடுத்துக்கப் போறேன்."

ராத்துவின் முகம் அந்த நிலைமையிலும் மலர்ந்துவிட்டது. "எடு! இத்தன வருஷம் கழிச்சாவது வாயத் தெறந்தியே. என்ன வேணும்? அந்தப் புள்ளிப் பன்னியா?"

அலுமிதா கதவின் மேல் கையை வைத்தாள். "இந்தக் கதவு."

ராத்து கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கழட்டி எடுத்துட்டுப் போகப் போறியா?"

"இல்ல மாமா. இங்கயே இருக்கட்டும். ஆனா இது இனிமே என் கதவு. என் கதவுல யாரு போகணும், எப்படிப் போகணும்னு நான் சொல்லுவேன்."

ராத்து கதவின் நிலையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். கேட்டது பன்றியை அல்ல. அவர் அப்பா, பாட்டன் காலத்துக் கௌரவத்தில் கை வைத்திருக்கிறாள். மறுக்க முடியாது என்பது வேறு, மனம் நோகாமல் கொடுப்பது வேறு.

பிறகு ராத்து இனோக்கே சிரித்தார். தோள் குலுங்கி, தொப்பை குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கைகளைக் குவித்துப் பட் பட்டென்று தட்டினார். கொடுத்தாயிற்று என்று அர்த்தம். "உன் தம்பிங்க பன்னியோட போனானுங்க. நீ எங்க வாசலையே தூக்கிட்டியே! இனிமே நான் எந்த வழியா வர்றதுடி?"

"நம்ம கதவுதான் மாமா. நீங்க தாராளமா வாங்க."

"பாத்தியா சுபர்மணி, என் கதவுக்கு நானே அனுமதி வாங்க வேண்டியதாப் போச்சு!"

அலுமிதா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. இது தலைவர் கதவு இல்ல, அலுமிதாக்கா கதவு. எனக்கு யாரும் மண்டி போட வேணாம். என் கதவுல யாராச்சும் மெதுவாப் போனீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். ஓடணும். இடிச்சுகிட்டு விழுந்தாலும் பரவால்ல, ஓடணும்."

ராத்து போய்த் தன் பழைய பாயில் கதவோரமாகவே உட்கார்ந்தார். "நான் இருக்கும்போதே ஓடினாத்தான் கணக்கு" என்றார். சுடச்சுட ஒரு குவளை எலுமிச்சை இலைத் தேநீரையும் வரவழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

தோரிகா மணியை அடித்தாள். முதலில் ஒரு குட்டைப் பெண் எழுந்தாள். வாசல் வரை வந்து ஒரு கணம் முழங்கால் மடங்கப் பார்த்தது. அலுமிதா, "ஓடு!" என்று கத்தினாள். அவள் வீலென்று ஒரு கூச்சல் போட்டுக்கொண்டு பாய்ந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். கொஞ்சம் பேர் மேலேயும் கொஞ்சம் பேர் கீழேயுமாக, அவரவர் பாய்க்கு எது பக்கமோ அந்த வழியாக, தடதடவென்று ஓடினார்கள். யாருடைய காலோ பட்டுத் தலைவரின் தேநீர்க் குவளை உருண்டது. அவர் மடியெல்லாம் தேநீர். "விடாத, ஓடு, ஓடு!" என்று அவரும் சேர்ந்து கத்தினார். கூடம் ஒரு நொடியில் வெறிச்சோடிப் போயிற்று. மர நிழலில் தோரிகா தலையை எண்ணினாள். எண்ணி முடித்து, நாற்பதும் இருக்கக் கண்டு புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அலுமிதா இன்னும் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தாளை வாங்கினாள். நாலாவது குறைக்கு எதிரே "சரிசெய்யப்பட்டது" என்று எழுதினாள். எப்படிச் சரிசெய்யப்பட்டது என்ற இடத்தில், "கதவின் உரிமை கைமாறியது. பிள்ளைகள் ஓடி வெளியேறியதைக் கண்ணால் கண்டேன்" என்று எழுதினாள். கையெழுத்துப் போடும்போது தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது அவளுக்கு.

"அன்பளிப்பு வாங்கினா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும்" என்று சுபர்மணி நினைவுபடுத்தினான். "என்னன்னு எழுதுவ? கதவு ஒண்ணுன்னா?"

"ஆமா. கதவு ஒண்ணு, சுவரோட சேத்து வச்சது, எடுத்து வர முடியலன்னு எழுதுவேன்."

படகுக்காரன் வெறும் படகோடு கிளம்பிப் போனான். போகும்போது கையாட்டினான். பிள்ளைகள் பெட்டியைத் திறந்து பாய் விரித்தார்கள். விரித்த கையோடு மேல் கதவு வழியாக உள்ளேயும் வெளியேயுமாக ஓடிப் பிடித்து விளையாட ஆரம்பித்தார்கள். "மண்ணு காலோட பாய்ல ஏறாதீங்கடி" என்று தோரிகா வழக்கம் போலக் கத்தத் தொடங்கியிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சேப்பங்கீரையும் மீனும் சாப்பிட்டார்கள். சுபர்மணி மூன்று தடவை போட்டுக்கொண்டான். அலுமிதாவும் முதல் முறையாக வேண்டாம் என்று சொல்லாமல் தட்டை நீட்டினாள்.

வண்டியில் ஏறிய பிறகுதான் தொப்பி ஞாபகம் வந்தது. இறங்கி ஓடினாள். கால் பாட்டுக்குக் கீழ்க் கதவுக்குப் போயிற்று. ராத்து உள்ளேயிருந்து பார்த்துவிட்டு, "மருமகளே, உன் கதவு அந்தப் பக்கம்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலுமிதா திரும்பிச் சுற்றிக்கொண்டு போய், தன் கதவு வழியாகவே நுழைந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

சவுசவுவில் அம்மா வழக்கம் போல வாசலில் நின்றிருந்தாள். மகளின் வெறுங்கையைப் பார்த்ததுமே முகம் சுருங்கியது. "மாமன் ஊர்ல என்ன எடுத்த?"

"மேல் கதவ எடுத்துகிட்டேம்மா."

அம்மா சிரிக்கவில்லை. நடந்ததையெல்லாம் நின்றபடியே கேட்டாள். "அந்தக் கதவு வழியா நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன்" என்றாள். "எங்க அப்பாவோட சவப்பெட்டிக்குப் பின்னாடி."

"இனிமே எப்ப வேணாலும் போலாம்மா. நம்ம கதவுதான்."

அம்மா முந்தானை போல மேலே போட்டிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா எடுத்த போ. பன்னிய எடுத்திருந்தா இந்நேரம் தின்னு தீத்திருப்போம்." உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "மணி அடிச்சப்ப எல்லாப் புள்ளைங்களும் வெளிய வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா" என்றாள் அலுமிதா. "எல்லாரும்."